பிஞ்சை விட்டுவைக்கும் விரல்

தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே இரண்டு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒன்று பேசி முடித்த கூலி. இன்னொன்று பேசாமலே நடப்பது. அமெரிக்க சமூகவியலாளர் பீட்டர் பிளா 1964-ல் வெளியிட்ட நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டி, பேசாததைச் சமூகப் பரிமாற்றம் என்றார். செய்த உதவிக்குப் பதிலுதவி எப்போது, எவ்வளவு என்று அதில் யாரும் வரையறுப்பதில்லை, நம்பிக்கைதான் பிணை.

கோம்பைக்கு மேலே மலைமுகட்டில் ராமக்கல்மேடு. அதற்கப்பால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். கோம்பை, தேவாரம், கம்பம் பகுதிப் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி அங்கே காய் எடுக்கப் போகிறார்கள். செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒன்றாகவே இருக்கும். குனிந்து, முற்றியதை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சையும் சேர்த்துப் பறித்தால் பை சீக்கிரம் நிறையும்; ஆனால் காய்ந்தபின் அது சுருங்கிப்போகும், அடுத்த எடுப்பிலும் காய் குறையும். கூட நிற்கும் கங்காணியால் ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிஞ்சை விட்டுவைக்கும் அந்தக் கவனத்துக்குக் கூலிக் கணக்கில் இடமே இல்லை.

அது வருவது வேறிடத்திலிருந்து: காய்ச்சலில் கிடந்தபோது விசாரித்த ஒரு வார்த்தை, காய் குறைந்த மாதத்திலும் கொடுத்த வேலை. தோட்டத் தொழிலாளருக்குக் குடையும் கம்பளியும் வழங்க 1951-ம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. சட்டப்படி வருவது உரிமை, அதற்கு நன்றி சொல்லத் தேவையில்லை. கேட்காமல் செய்ததுதான் மனதில் நிற்கும். முன்பணம் மட்டும் தனி ரகம். அவசரத்துக்கு உதவிய அதே பணம், வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் கட்டிப்போடவும் செய்யும். அப்புறம் அதில் நம்பிக்கைக்கு என்ன வேலை? எல்லாமே ஆள் கூட்டிப்போகிறவர் கையால் நடந்தால் விசுவாசமும் அவரோடு நின்றுவிடும். அவர் தோட்டம் மாறினால் ஜீப்போடு ஆட்களும் மாறுவார்கள்.

இந்த எழுதாத கணக்கு மூணாறில் 2015 செப்டம்பரில் வீதிக்கு வந்தது. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் 10 சதவீத போனஸ் அறிவித்ததும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகில் விடவில்லை. 2005 முதல் அங்கே தொழிலாளர்களும் பங்குதாரர்கள். பங்குப் பத்திரம் அந்தக் கோபத்தைத் தடுக்கவில்லை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 20 சதவீதம் என்று முடிவானது. போனஸுக்காகக் கூடிய அந்தப் பெண்கள் அதோடு நிறுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாக அடைந்து கிடக்கும் லயத்து வீடுகளையும், நோய் வந்தால் கிடைக்கும் வைத்தியத்தையும் சேர்த்தே கணக்குக் கேட்டார்கள்.