ஈறும் இளைப்பும்

தே ஆறட்டும் மாமா, அதற்குள் ஒரு கேள்வி. பல் விளக்கும்போது ரத்தம் வருகிறதா? இல்லை என்கிறீர்கள். தோட்டத்தில் இருந்த காலம் தொட்டு சுருட்டு, பிறகு கிரெடெக் என்று பிடித்தவர் நீங்கள். அதனால் அந்தப் பதிலை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. நிக்கோட்டின் ஈறுக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வெளியே ஈறு வெளுத்து, இறுகி, சமர்த்தாக இருக்கும். பல் ஆடிய பிறகுதான் விஷயம் தெரியவரும். புகையை விட்ட சில வாரங்களில் ரத்தம் கசிந்தால், ‘விட்டதால்தான் கெட்டுப்போச்சு’ என்று மறுபடி பற்றவைக்கிறவர்களும் உண்டு. உண்மையில் அது ஈறில் ரத்த ஓட்டம் திரும்புவதற்கான அடையாளம்.

பல்லுக்கும் மூச்சு இளைப்பதற்கும் என்ன சம்பந்தம்? நாம் இந்த இளைப்பை ‘ஆஸ்துமா’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உங்களுக்கு இருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆஸ்துமாவில் சுருங்கிய குழாய் பெரும்பாலும் மறுபடி விரியும். இதில் முழுசாக விரியாது. முதல் காரணம் சிகரெட். சிகரெட்டையே தொடாத நம் பாட்டிமாருக்கும் இது வந்ததென்றால், லயத்து விறகடுப்புப் புகையைச் சந்தேகிக்கலாம்.

தூங்கும்போது கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்குவது ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் நடப்பது. நல்ல நுரையீரலில் நுண்ணிய முடிகள் அதை மேலே தள்ளிவிடும். புகை அந்த முடிகளைச் சேதப்படுத்திவிடுகிறது. பாகான் செராய் வயல்களுக்கு 1906 முதல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துத் தண்ணீர்தான் வருகிறது. அங்கே அழுக்கு சேர்ந்தால் கடைசி வாய்க்கால் வரைக்கும் வரும் அல்லவா? ஈறிடுக்கில் வளரும் கிருமிகளும் அப்படித்தான் நெஞ்சுக்குள் இறங்குகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. ஈறின் திசுவை அரிப்பதிலும், நுரையீரலின் காற்றறைச் சுவரை அரிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இதை வைத்து ‘ஈறு நோய்தான் நுரையீரலைக் கெடுத்தது’ என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்து ஸ்கேனபியேகோ 1990களிலிருந்தே இந்தத் தொடர்பைத் துருவி வருகிறார். சிக்கல் என்னவென்றால், இரண்டு நோய்க்கும் புகையிலை பொதுக் காரணம். சீனாவில் 60 நோயாளிகளை இரண்டு வருஷம் கவனித்து 2014-ல் வெளியான ஆய்வில், ஈறுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இளைப்பு முற்றுவது குறைந்தது. சின்ன ஆய்வு, நம்பிக்கை தரலாம், தீர்ப்பு சொல்ல அது போதாது.

நிமோனியா விஷயத்தில் ஆதாரம் இன்னும் கெட்டி. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் நடந்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. பராமரிப்பாளர் சாப்பாட்டுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 100-க்கு 11 பேருக்கு நிமோனியா. அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 19 பேருக்கு. இளைப்புக்காரருக்கு ஒரு நிமோனியா வந்து போனாலே பழைய மூச்சு திரும்புவது கஷ்டம். அதனால்தான் உங்கள் வாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

மாமா, பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். 85 வயது தாண்டிய ஜப்பானியர்களிடம் நடத்திய 2015 ஆய்வில், அதைப் போட்டபடியே தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம். உமிக்கரி வேண்டாம், மிருதுவான பிரஷ் போதும். பல் கிளினிக்கில் காறை எடுக்கப் போகும்போது இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். மல்லாந்து படுத்தால் உங்களுக்கு மூச்சு முட்டும். நாற்காலியை முழுசாகச் சாய்க்க வேண்டாம் என்று உட்கார்வதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.