கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள்

சர்க்கரை வியாதி என்றதும் சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறிவிடுகிறோம். பெரும்பாலோருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால், சிறு வயதிலேயே இந்த வியாதி வந்து, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளில் சிலருக்குக் கோதுமையே ஆகாது.

கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதல்லவா? குளூட்டன் என்ற புரதம்தான் காரணம். பார்லியிலும் இந்த வகைப் புரதம் உண்டு. இவர்கள் உடம்பு அதை எதிரியாக நினைத்துத் தன் சிறுகுடலையே புண்ணாக்கிக்கொள்ளும். தின்றது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, உப்புசம், சோகை வரும், பிள்ளை வளராது. வழக்கமான அளவு ஊசி போட்டாலும் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

இப்படியிருந்தால் டாக்டரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போய்விடும். ஊசியையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நோய் உறுதியானால் மைதா, ரவை, சேமியா, மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் எல்லாவற்றையும் ஆயுசுக்கும் ஒதுக்க வேண்டும். நம் நிலத்து நெல், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் அந்தப் புரதம் இல்லை. ஆனால் இவையும் சர்க்கரையை ஏற்றும். அளவோடுதான் கொடுக்க வேண்டும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கோதுமை அரைக்கிற மில்லில் அந்தப் பிள்ளைக்குக் கேழ்வரகு அரைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மாவே போதும், வயிற்றைக் கெடுக்க!