அனுப்பியது சேர்ந்ததா?

கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறவர் ஒரு வகை. பதிவுத் தபாலில் அனுப்பி, பெற்றவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை தம் கைக்குத் திரும்பி வரும் வரையில் காரியம் முடிந்ததாகக் கருதாதவர் மற்றொரு வகை. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைத் தூரத்திலுள்ள சர்வருக்கோ, மேகச் சேமிப்பு என்று இக்காலத்தில் வழங்கும் கிடங்குகளுக்கோ அனுப்புவதற்கென்றே ஏற்பட்ட மென்பொருள்களை ஆராயப் புகும்போது, அவற்றின் வேகத்தையும் தோற்றத்தையும்விட முக்கியமாக நாம் கவனிக்க வேண்டியது, அவை இவ்விருவரில் யாருடைய சுபாவத்தைக் கொண்டவை என்பதைத்தான்.

கல்யாணம் ஒன்றில் படம் எடுத்த புகைப்படக்காரர், 40 ஜிகாபைட் அளவுள்ள படங்களை ஆல்பம் அச்சிடுகிறவர்களின் சர்வருக்கு இரவோடு இரவாக அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலேற்றும் இணைப்பானால், தடை ஒன்றும் நேராவிட்டாலும் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். நான்காவது மணியில் மின்சாரம் நின்றுவிட்டால், போய்ச் சேர்ந்தவை எவை, போகாமல் நின்றவை எவை, பாதியில் அறுந்த படம் எது என்று யார் சொல்வார்கள்? படம் கெட்டுப் போயிற்று என்பதற்காகத் திருமாங்கல்ய தாரணத்தை மறுபடியும் நடத்த முடியாது. பிரவுசர் ஜன்னலில் கோப்பை இழுத்துப் போட்டு அனுப்பும் சாதாரண முறை இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. அதனாலேயே இதற்கென்று தனி மென்பொருள் அவசியமாகிறது.

இந்த வித்தைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. இன்றைய இணையத்திற்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஒரு சில கம்ப்யூட்டர்களே இணைந்திருந்த காலத்தில், 1971 ஏப்ரலில், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களில் ஒருவராகப் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய அபய் பூஷண் என்பவர், கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கான விதிமுறை ஒன்றை எழுதி வெளியிட்டார். எஃப்.டி.பி. என்று பிரசித்தி பெற்ற அம்முறை பலமுறை திருத்தம் பெற்று, 1985-இல் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் ஆகிய இருவரின் கையில் ஸ்திரமான வடிவத்தை அடைந்தது. கட்டளையும் பதிலும் ஒரு வழியில் செல்ல, சரக்கு வேறொரு வழியில் செல்வது அதன் அமைப்பு. வழி இரண்டானபடியால், பெரிய கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே கட்டளை இடுவதற்கும் இடம் இருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் சிலருக்குள் பிறந்த முறையாதலால், ரகசியத்தைப் பற்றி அது கவலைப்படவில்லை. பெயரும் பாஸ்வேர்டும்கூட, திறந்த அஞ்சலட்டையில் எழுதியது போல, நடுவில் இருப்பவர் படிக்கும்படியாகவே சென்றன.

அந்தக் குறையின் விளைவை 1995-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கண்டது. அதன் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திருடியதை அறிந்த தாத்து யுலோனென் என்ற ஆராய்ச்சியாளர், இரு கம்ப்யூட்டர்களுக்கு இடையே நடக்கும் சம்பாஷணை முழுவதையும் சங்கேதமாக்கும் எஸ்.எஸ்.எச். என்ற முறையை உருவாக்கினார். கம்ப்யூட்டருக்குள் வரும் தொடர்புகளை எண்ணிட்டுப் பிரிக்கும் வாயில்களில் (போர்ட்), எஃப்.டி.பி.க்கு உரிய 21-ஆம் வாயிலுக்கும், தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் டெல்நெட்டுக்கு உரிய 23-ஆம் வாயிலுக்கும் நடுவே காலியாக இருந்த 22-ஆம் எண்ணை அவர் கேட்டுப் பெற்றார். அந்தப் பாதுகாப்பின் மேல் எழுந்ததே எஸ்.எஃப்.டி.பி.; பெயர் ஒத்திருப்பினும், பழைய எஃப்.டி.பி.க்கும் இதற்கும் அமைப்பில் உறவு இல்லை. ஃபைல்ஸில்லா, வின்எஸ்சிபி போன்ற இலவச மென்பொருள்களில் புதிய சர்வரை முதன்முறை அணுகும்போது, நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைக் காட்டி, இந்த சர்வரை நம்பலாமா என்று கேட்பதைப் பலரும் படிக்காமலே சம்மதித்துவிடுகிறார்கள். அது சர்வரின் கைரேகை. அதைச் சர்வருக்கு உரியவரிடம் ஒருமுறை விசாரித்து ஒப்பிட்டுக்கொண்டால், பின்னொரு நாள் அது மாறிவிட்டதென்று மென்பொருள் எச்சரிக்கும்போது, வேறொருவர் அந்த இடத்தில் வந்து நிற்கிறாரோ என்று சந்தேகிக்க நமக்கு ஆதாரம் இருக்கும்.

வழிப்பறியிலிருந்து காத்துக்கொள்வது ஒன்று; சரக்கு சேதமில்லாமல் சேர்ந்ததா என்று அறிவது வேறொன்று. இதை விளக்குவதற்கு எம்.ஐ.டி.யில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. அங்கே பல வலையமைப்புகளை இணைத்து நின்ற வாயிற் கம்ப்யூட்டர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் வழியில் சரிபார்த்தே அனுப்பின. அதை நம்பி, பயன்படுத்தியவர்கள் வேறு சோதனை வேண்டாமென்று இருந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்று, தன்னுள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பிரதி செய்யும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை, அடுத்தடுத்த இரண்டு பைட்டுகளை இடம் மாற்றி வைத்துவந்தது. வழியில் நடந்த சோதனை எதுவும் அதைப் பிடிக்கவில்லை; சோதனைகளுக்கு நடுவே அல்லவா பிழை நுழைந்தது! நாளடைவில் ஓர் இயக்கமுறையின் மூலநிரல்களே பழுதுபட, அவற்றுக்கு உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தும்படி ஆயிற்று. ஜெரோம் ஸால்ட்ஸர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் என்னும் மூவர் 1984-இல் வெளியிட்ட பெயர்பெற்ற கட்டுரையில் இச்சம்பவத்தைக் கூறி, வழியில் எத்தனை காவல் வைத்தாலும், சரியாகச் சேர்ந்ததென்று கடைசியில் உறுதி சொல்லக் கூடியவை இரு முனைகளே என்ற தத்துவத்தை நிலைநாட்டினார்கள்.

நல்ல மென்பொருளின் அம்சங்கள் பலவும் இந்தத் தத்துவத்திலிருந்து பிறந்தவையே. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்துகளில் அடங்கும் ஒரு குறியாகத் தரும் ஷா-256 போன்ற முறையால், அனுப்பிய இடத்திலும் சேர்ந்த இடத்திலும் தனித்தனியே குறி எடுத்து ஒப்பிடலாம்; கோப்பில் ஒரு பிட் மாறியிருந்தாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும், போய்க்கொண்டிருக்கும் கோப்புக்குத் தற்காலிகப் பெயர் இட்டு, முழுவதும் சேர்ந்த பிறகே உண்மைப் பெயரைச் சூட்டுவதும் இதே சிரத்தையின் வேறு உருவங்கள். அரைகுறைக் கோப்பை முழுக் கோப்பென்று எண்ணி அச்சுக்கூடத்தார் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இதனால் நீங்குகிறது.

மாறியதை மட்டும் அனுப்புவது இன்னொரு நுட்பம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கெராஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற மென்பொருளில், பழைய பிரதியை வைத்திருக்கும் முனை அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறி எடுத்துக் குறிகளை மட்டும் அனுப்புகிறது. புதிய பிரதியை உடைய முனை, தன் கோப்பின்மேல் பைட்டுப் பைட்டாக நகர்ந்து, அந்தக் குறிகளோடு பொருந்தும் இடங்களைக் கண்டுபிடித்து, பொருந்தாதவற்றை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஐந்நூறு பக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்ததால் பின்வருவன யாவும் இடம் நகர்ந்துவிட்டாலும், அந்த ஒரு சொல்லையும் அதன் அக்கம்பக்கத்தையும் அனுப்பினால் போதும்.

மேகச் சேமிப்பின் சுபாவம் இதற்கு மாறானது. 2006 மார்ச்சில் அமேஸான் தொடங்கிய எஸ்-3 முதலிய கிடங்குகளில், நாம் காணும் ஃபோல்டர்கள் உண்மையில் இல்லை. நீண்ட பெயரின் ஒரு பகுதியே ஃபோல்டர் போலத் தோற்றமளிக்கிறது. அங்கே வைத்த கோப்பின் நடுவில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால், பொதுவாக முழுவதையும் புதிதாக வைக்க வேண்டும். ஒரே தடவையில் 5 ஜிகாபைட்டுக்கு மேல் எஸ்-3 ஏற்பதில்லை. பெரிய கோப்பைப் பல பகுதிகளாக்கி, 10,000 பகுதிகள் வரையில் அனுப்பி, கடைசியில் ஒன்றாக்கச் சொல்ல வேண்டும். ஒரு பகுதி தவறினால் அதை மட்டும் மறுபடி அனுப்பலாம் என்பது அதன் சௌகரியம். பாதியில் கைவிட்ட பகுதிகளை நீக்கவில்லையானால் அவற்றுக்கும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும் என்பது பலரும் அறியாத விஷயம். இவ்வகைக் கிடங்குகள் பலவற்றோடு ஒரே விதமாகப் பழகுவதற்கு நிக் கிரெய்க்-வுட் எழுதத் தொடங்கிய ஆர்குளோன் போன்ற மென்பொருள்கள், பகுதி பிரிப்பதையும் குறி ஒப்பிடுவதையும் நம்மைக் கேளாமலே செய்கின்றன.

தமிழில் பெயரிடுகிறவர்கள் அறிய வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. யூனிகோடில் ஓகாரக் குறியைத் தனிக்குறி ஒன்றாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பின் நெடில் வடிவமும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பெயர்களைப் பிரித்தே வைத்தபடியால், அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குச் சென்ற ‘கோவில்’ வேறொரு ‘கோவில்’ ஆகிவிடக் கூடும். மென்பொருளும் அவற்றை இரண்டு கோப்புகளாகக் கருதக் கூடும். தவிரவும், சாதாரண லினக்ஸ் சர்வரில் ஒரு பெயருக்கு 255 பைட்டே இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால் 85 குறிகளுக்கு மேல் பெயர் நீளலாகாது. ஒலிநாடாக்களையும் சுவடிப் படங்களையும் தமிழ்ப் பெயரோடு சேர்த்து வைக்கிறவர்கள் இதைச் சோதித்து அறிந்த மென்பொருளையே கைக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். இரு இடங்களையும் ஒன்றுபோலாக்கும் ‘சிங்க்’ என்ற அம்சம், இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், இங்கே தவறிப்போய் அழித்தது அங்கேயும் அழிந்துபோகும். எதை அனுப்பப் போகிறது, எதை நீக்கப் போகிறது என்று முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும் ஒத்திகை வசதியை முதலில் ஓட்டிப் பார்ப்பதும், பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் வசதியைக் கிடங்கில் இயக்கி வைப்பதும் இதற்குப் பரிகாரம்.

நம் புகைப்படக்காரரிடம் திரும்புவோம். நள்ளிரவில் நின்ற மின்சாரம் வந்து, மென்பொருள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, விடியுமுன் கடைசிப் படமும் போய்விட்டது. திரையில் ‘முடிந்தது’ என்று எழுதியிருக்கிறது. ஆயினும் அவர் எழுந்திருக்கவில்லை. இரு முனைகளின் குறிகளையும் ஒப்பிடச் சொல்லி, எல்லாப் படங்களும் பொருந்தின என்ற வரி தோன்றும் வரையில் உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகே காமிராவின் கார்டை அடுத்த கல்யாணத்திற்காக அழிக்கிறார்.