தேதி மறந்த கணினி

நீண்ட விடுமுறைக்குப் பிறகு பழைய டெஸ்க்டாப்பை இயக்குகிறோம். இணைய இணைப்பில் குறை இல்லை. ஆனாலும் வங்கியின் தளம் திறக்கவில்லை, மின்னஞ்சலும் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கைதான் வருகிறது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்து விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறவர்கள் உண்டு. அதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே ஏதோ ஒரு பழைய ஆண்டின் தேதி இருந்தால், கோளாறு அதுதான்.

பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பது அதிலேயே பதிவாகியிருக்கும். பிரவுசர் அதை நம் கணினியின் தேதியோடு ஒப்பிடுகிறது. கணினி 2015 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்த வருடத்துச் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் தொடங்கவே இல்லை. ஆகவே அது கதவைச் சாத்துகிறது. தேதியை நாமே திருத்தினால் எல்லாத் தளங்களும் உடனே திறக்கும். ஆனால் பிளக்கைப் பிடுங்கி மாட்டியதும் தேதி மறுபடி பின்னுக்குப் போகிறதென்றால், மதர்போர்டில் உள்ள சின்ன பட்டன் செல் தீர்ந்துவிட்டது.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இந்தச் செல் கிடையாது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இன்று என்ன தேதி, மணி என்ன என்று அது கேட்கும். நாம் தட்டச்சு செய்ய வேண்டும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி, பேட்டரியில் ஓடும் கடிகாரத்தைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. கணினி அணைந்து கிடக்கும்போதும் உள்ளே ஏதோ ஒன்று நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் வழக்கம் அப்படித்தான் பரவியது.

எண்ணுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும் என்பது குவார்ட்ஸின் இயல்பு. 1880இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் இந்தப் பண்பின் முதல் பாதியைக் கண்டறிந்தார்கள். இசைக்கவை வடிவில் வெட்டிய நம் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? இதைப் பாதியாக்குங்கள், அதையும் பாதியாக்குங்கள். 15 முறை செய்தால் மிஞ்சுவது சரியாக 1. எண்ணைப் பாதியாக்குவது மின்னணுச் சுற்றுக்கு மிக எளிய வேலை. அப்படி 15 படிகள் இறங்கினால் ஒரு நொடி கிடைத்துவிடுகிறது. கைக்கடிகாரத்திலும் இதே எண்தான். இவ்வளவு சிக்கனமான ஓர் அழகு பாடப்புத்தகத்தில் இல்லாதது எனக்கு வருத்தம்.

இந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒழுங்காக ஓடும்படி வெட்டப்படுகிறது. குளிர்ந்தாலும் சூடானாலும் அதிர்வு சற்றே மந்தமாகும். கேபினெட்டுக்குள் 45 டிகிரி இருந்தால் நாளொன்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும் வசதியை ‘ஆன்’ செய்து வைத்தால் இந்தச் சின்னப் பிசகு தெரியாது.

சரி, செல்லை மாற்றுவோம். பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது சிஆர்2032. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஓரத்துக் கொக்கியை விரலால் தள்ளினால் செல் மேலே எழும்பும். ‘+’ குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள்.

கழற்றிய பழைய செல்லை மேசையில் போட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால், தீர்ந்த செல்லிலும் மிச்சமிருக்கும் மின்சாரம் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். டேப் சுற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலிருந்தே ஓடும், செல்லைத் தொடாது. சுவர் சுவிட்சை ஒவ்வொரு இரவும் அணைக்கும் வீடுகளில் செல் சற்று சீக்கிரம் தீர்வதற்கு இதுவே காரணம். அதற்காகச் சுவிட்சை அணைக்காமல் விடச் சொல்லமாட்டேன். இடி மின்னல் நாட்களில் பிளக்கையே பிடுங்குவதுதான் சரி. ஒரு செல்லின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

புதுச் செல் போட்டும் நேரம் பிசகினால், எவ்வளவு பிசகுகிறது என்று பாருங்கள். சரியாக 5 மணி 30 நிமிட வித்தியாசமென்றால் செல்மீது குற்றமில்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருப்பவர்களுக்கு இது நேரும். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. ஒன்று எழுதியதை மற்றது தன் வழக்கப்படி படிப்பதால், இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே வெளிப்படுகிறது. லினக்ஸிலும் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி அமைப்பை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும்.