பாலை நிலமும் பாசன நீரும்

பாலைவனம் என்றால் மணல்மேடு என்றே பலரும் கருதுகின்றனர். அது முற்றும் சரியன்று. பெய்யும் மழையைக் காட்டிலும் ஆவியாய்ப் போகக்கூடிய நீர் பன்மடங்கு மிகுந்துள்ள நிலமே பாலையாகும்.

தென் அமெரிக்காவில், சிலி தேசத்தின் வடபாகத்திலுள்ள அடகாமா, உலகின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்று. அங்குள்ள அரிகா நகரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, 14 வருஷங்களுக்கு மேலாக மழையே பெய்யவில்லை. கிழக்கே ஆண்டிஸ் மலை ஈரக்காற்றை மறிக்கின்றது. மேற்கே கரையோரம் செல்லும் குளிர்ந்த கடல் நீரோட்டம், காற்று மேலெழுந்து மழையாவதைத் தடுக்கின்றது. ஆயினும் அந்நகரை அடுத்த அசாபா பள்ளத்தாக்கில் பாசனத்தின் உதவியால் ஆலிவ் மரங்கள் செழித்து வளர்கின்றன.

நாமக்கல் பிரதேசம் பாலையன்று. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்ததே. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை அம்மலையிலேயே பொழிந்துவிடுகின்றது. குடகில் பெய்த அம்மழை காவேரியாய் வந்து, ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து ராஜா வாய்க்காலில் பாய்கின்றது. அந்நீர் எட்டாத மேட்டில் சோளமும் நிலக்கடலையும், எட்டிய வயலில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் விளைகின்றன.

ஆனால், நீர் வந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு ராஜஸ்தானத்துத் தார்ப் பாலையே சான்று. 1958-ம் வருஷம் வேலை தொடங்கப்பெற்று, இப்பொழுது இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் கால்வாய், சட்லெஜ், பியாஸ் நதிகளின் நீரை அங்கே கொணர்ந்தது. கோதுமையும் பருத்தியும் விளைந்தன. ஆனால் குடியானவர்கள் அளவுக்கு மிஞ்சி நீர் பாய்ச்சினர், வடிகாலும் போதவில்லை. பல இடங்களில் அடிமண்ணிலுள்ள கடினமான படிவம் நீரைக் கீழிறங்க விடவில்லை. நிலத்தடி நீர் மேலேறி வயல்கள் சதுப்பாயின; நீர் ஆவியாகவே, உப்பு மேலே தங்கிற்று. தண்ணீரின்றி விளையாத நிலம், பின்னர் தண்ணீராலேயே விளையாது போயிற்று.

ஆகையால் வாய்க்கால் பாசன நிலமுடையோர் கவனிக்கத் தக்கவை சில உள. பயிருக்கு வேண்டிய அளவே நீர் பாய்ச்சுக. தாழ்ந்த வயல்களில் வடிகால் வெட்டுக. மண்ணின் மேல் வெள்ளை பூத்தால் தாமதியாது மண்ணைப் பரிசோதிக்கச் செய்க. உவர் நிலமாயின் வடிகால் அமைத்து நல்ல நீரால் உப்பைக் கழுவலாம். களர் நிலமாயின் முதலில் ஜிப்சம் இடவேண்டும். பொது வடிகால்கள் தூர்ந்துபோகாமலும் ஆக்கிரமிக்கப்படாமலும் காப்பது கிராம உத்தியோகஸ்தர்களின் கடமையாகும். வாய்க்காலைப் போற்றும் ஊர் வடிகாலையும் போற்றினாலன்றி, விளைநிலம் நிலைத்திராது.