வணிக இணையத்தளங்களும் உள்ளடக்க முகாமைத்துவ முறைமையும்

வணிகத்துக்கு உயிர்நிலையாவது நம்பிக்கை. பண்டைக்காலந்தொட்டு வணிகன் தன் கடைவாயிலில் நின்று கொள்வோரை எதிர்கொண்டு, பொருளின் தன்மையையும் விலையையும் தானே எடுத்துரைத்து அந்நம்பிக்கையைப் பெற்றான். இக்காலத்திலோ கொள்வோர் கடையை அடையுமுன்னரே அதன் இணையத்தளத்தை நோக்குகின்றனர். அங்கே சென்ற ஆண்டின் விலை காணப்படுமாயின், அது மறதியால் நேர்ந்ததாயினும் பொய்யுரையென்றே கொள்ளப்படும். ஆதலின், இணையத்தளமொன்றை அமைத்தலினும் அதனை நாடோறும் மெய்யுரைப்பதாக வைத்திருத்தலே அரிது. அவ்வரிய செயலை எளிதாக்குவது உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என வழங்கும் மென்பொருளாகும். அதன் இயல்பையும் பயனையும் ஈண்டு நோக்குவாம்.

1989ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுநிலையத்தில் ரிம் பேர்ணேர்ஸ் லீ என்னும் ஆங்கில அறிஞர் உலகளாவிய வலையை முன்மொழிந்தார். ஆதியில் வலைப்பக்கம் ஒவ்வொன்றும் தனிக்கோப்பாக எழுதப்பட்டது. சொல்லவேண்டிய செய்தியும், எழுத்தின் அளவு, நிறம், இடம் என்பவற்றைக் குறிக்கும் கட்டளைகளும் ஒரே கோப்பிற் பின்னிக்கிடந்தன. இருநூறு பக்கங்கொண்ட ஒரு புத்தகசாலையின் தளத்திலே தொலைபேசி எண் மாறுமாயின், இருநூறு கோப்புக்களும் திருத்தப்படல் வேண்டும். விலையறிந்த வணிகனுக்குக் கணினிமொழி தெரியாது. கணினிமொழி அறிந்தவனுக்கு விலை தெரியாது. இருவருக்குமிடையே நாட்கள் கழிந்தன; பிழைகளும் புகுந்தன.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது, உள்ளடக்கத்தையும் உருவத்தையும் வேறு பிரித்த கொள்கையாகும். அச்சுக்கூடத்தில் நூலாசிரியர் கையெழுத்துப் பிரதியை மட்டும் தருகின்றார். எழுத்தின் அளவையும் பக்கத்தின் அமைப்பையும் அச்சுக்கோப்போர் கவனிக்கின்றனர். அதுபோல இம்முறைமையிலே செய்தி தரவுத்தளத்திலும், தோற்றம் வார்ப்புருவிலும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது சேவையகக் கணினி இரண்டையும் இணைத்துப் பக்கத்தை ஆக்கி அளிக்கின்றது. 2001இல் ட்ரூபல், 2003இல் வேர்ட்பிரஸ், 2005இல் ஜூம்லா என்பன இக்கொள்கையின்வழித் தோன்றின. இன்று உலகின் இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸைக் கொண்டே இயங்குகின்றன.

இப்பிரிவினையால் விளையும் பயன்கள் பல. முதலாவது, கடிதம் எழுத வல்ல எவரும் தளத்தைத் திருத்தலாம். தொலைபேசி எண்ணை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் அது மாறும். இரண்டாவது, உருவம் வேறாக நிற்றலின், செய்தியில் ஓரெழுத்தும் மாற்றாது கைத்தொலைபேசிக்கு ஏற்ற புதிய வார்ப்புருவை அணிவிக்கலாம். மூன்றாவது, பொறுப்புக்களைப் பங்கிடலாம். வேர்ட்பிரஸிலே பங்களிப்பாளர் எழுதலாம், ஆயின் வெளியிட இயலாது. பதிப்பாசிரியர் சரிபார்த்த பின்னரே அது வெளிவரும். முன்னைய வடிவங்களும் பேணப்படுதலின், தவறாக அழித்ததை மீட்டல் கூடும். நான்காவது, மேற்கூறிய மூன்றும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வழங்கப்படுவன. தளத்தை அமைத்தவர் விலகினும் வேறொருவர் பணியைத் தொடரலாம்; வணிகன் ஒருவரையே நம்பிக் கட்டுண்டு கிடக்கவேண்டுவதில்லை.

தமிழில் எழுதுவோர் ஒன்றைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல்வேண்டும். பாமினி முதலிய எழுத்துருக்களிலே கணினி சேமிப்பது தமிழெழுத்தையன்று. ஆங்கில எழுத்துக்குரிய குறியெண்ணையேயாம். அங்ஙனம் எழுதியவை தரவுத்தளத்தில் ஏறினும், தமிழ்ச்சொல்லைக் கொண்டு தேடுவார்க்கு அகப்படா. 1991 முதல் தமிழுக்கும் இடமளித்துள்ள ஒருங்குறியில் எழுதினாலன்றித் தளத்தின் பயன் முழுமையுறாது.

எனினும், எளிமையுடன் கடமையும் உடன்வருகின்றது. பலரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தலின், அதன் ஒரு குறை பலருக்கும் கேடாகும். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆந் திகதி ட்ரூபலின் ஏழாம் பதிப்பிலே பெருங்குறையொன்றும் அதற்குரிய திருத்தமும் அறிவிக்கப்பட்டன. இரு வாரங்களின் பின், அறிவித்தல் வெளிவந்த ஏழு மணித்தியாலத்துள் திருத்தப்படாத தளங்கள் யாவும் பகைவர் கைப்பட்டனவென்றே கொள்ளுமாறு அதன் பாதுகாப்புக் குழுவினர் எச்சரித்தனர். அன்று ஏழு மணித்தியாலத் தாமதமே பேரிழப்புக்குப் போதியதாயிற்று. ஆகவே, புதுப்பித்தல்களை உடன் மேற்கொள்ளல், வேண்டாத செருகுநிரல்களை நீக்கல், வலிய கடவுச்சொல்லை அமைத்தல், தரவுகளின் பிரதியை வேறிடத்திற் பேணல் என்பன வணிகர் ஒழியாது செய்யவேண்டியவை.

முன்னர்க் கணினிமொழி வல்லார் கையிலிருந்த உரை, இம்முறைமையால் பொருளறிந்தார் கைக்கு மீண்டது. இதுவே இதன் தலையாய பயன். ஆயின், கருவி உண்மையைத் தானே உரைப்பதன்று. உரைப்பவனுக்கு இடையூறின்றி வழிவிடுவதே அதன் தொழில். நாள்தோறும் கணக்கெழுதும் கடைக்காரனைப்போல நாள்தோறும் தளத்தையும் நோக்கும் வணிகனுக்கே அவ்வழி பயன்தரும்.