வடக்கு தெற்காக மாறினால்?

"பூமியின் துருவங்கள் தலைகீழாகப் போகின்றன, உலகம் அழியப் போகிறது!" குடும்பப் புலனக் குழுவில் இப்படியொரு காணொளி உங்களுக்கும் வந்திருக்கலாம். அதில் பாதி உண்மை. காந்தத் துருவங்கள் இடம் மாறுவதுண்டு. ஆனால், பூமி புரண்டு விடாது. சூரியன் வழக்கம்போல் கிழக்கில்தான் உதிக்கும். வடக்கைக் காட்டும் திசைகாட்டி முள் தெற்கைக் காட்டும், அவ்வளவுதான்.

காரணம் நம் காலடியில் இருக்கிறது. ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்பு கடல்போல் ஓயாமல் சுழல்கிறது. அந்த ஓட்டம்தான் பூமியின் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. ஓட்டத்தில் குழப்பம் ஏற்பட்டால் புலம் வலுவிழக்கும். அது மீண்டும் வலுப்பெறும்போது, சில சமயம் வடக்கும் தெற்கும் மாறியிருக்கும்.

இது எப்படித் தெரியும்? எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்தத் திசையைப் பதிவு செய்துகொள்கின்றன. 1906இல் பிரெஞ்சு அறிவியலாளர் பெர்னார்ட் ப்ரூன், இன்றைய திசைக்கு நேரெதிராகக் காந்தமேறிய பாறைகளைக் கண்டறிந்தார். 1920களில் ஜப்பானியர் மொத்தோனோரி மத்துயாமா அதை மேலும் ஆராய்ந்தார். சுமார் 780,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த கடைசி மாற்றம், இவர்கள் இருவரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

இதற்குக் கால அட்டவணை கிடையாது. டைனோசர் காலத்தில் 35 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவங்கள் மாறவே இல்லை. மாறத் தொடங்கினாலும் ஒரே இரவில் முடிவதில்லை, பொதுவாகச் சில ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

கடைசி மாற்றத்தின்போது, நம் அண்டையிலுள்ள ஜாவாத் தீவில் ஹோமோ எரெக்டஸ் எனும் ஆதிமனிதர்கள் வாழ்ந்தார்கள். அதன் பிறகும் பல லட்சம் ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள்.

ஆனால், அவர்களிடம் கைப்பேசி இல்லை, துணைக்கோளம் இல்லை. கவலை நமக்குத்தான். சூரியனிலிருந்து பாயும் மின்துகள்களைத் தடுக்கும் கவசம் இந்தக் காந்தப் புலம். கடந்த 200 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 9 விழுக்காடு வலுவிழந்துள்ளது. தென் அட்லாண்டிக் பகுதியில் புலம் மிகவும் பலவீனம். அங்கே கடக்கும்போது ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியே தன் ஆய்வை நிறுத்தி வைக்கிறது.

புலம் இப்படி வலுவிழப்பதும் மீள்வதும் முன்பும் நடந்திருக்கிறது. துருவ மாற்றம் தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்றாகாது. ஆனாலும், துணைக்கோளங்களையும் மின்கட்டமைப்பையும் பாதுகாக்க இந்தப் புலத்தைக் கண்காணிப்பது அவசியம். 2013இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய 'ஸ்வார்ம்' துணைக்கோளங்கள் அந்தப் பணியைத்தான் செய்கின்றன.

அடுத்த முறை அந்தக் காணொளி வந்தால், பகிரும் முன் இதையும் வீட்டில் சொல்லுங்கள்.